ஐவி மிஸ் திருத்திய நோட்டு

தேசம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, அவள் மகள் ஜாஸ்மின் ஒரு நோட்டைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு ஐவி மிஸ் வீட்டு வாசலில் நின்றாள்.

"மிஸ், இத்த எனக்குத் தமிழ்ல படிச்சி சொல்லணும். எழுத்துக் கூட்டுனா வருது, அர்த்தம் பிடிபட மாட்டேங்குது."

நோட்டைப் பார்த்ததும் ஐவி மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கிடந்த 'வெரி குட்' எல்லாம் அவர் கைவண்ணம்தான்.

தேசம்மா பட்டினப்பாக்கத்துக்காரி. அபிராமபுரத்து அடுக்குமாடிகளில் வீடு வீடாக மீன் கொடுத்தவள். புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லாரும் போனில் ஆங்கிலத்திலேயே பொரிந்து தள்ள, மேலே வரச் சொல்கிறார்களா, கீழேயே நிற்கச் சொல்கிறார்களா என்று புரியாமல் கேட்டில் காவலாளியிடம் பாட்டு வாங்கினாள். அந்த ரோஷத்தில்தான் சாந்தோமில் பங்குக் கோயில் தன் மாடி அறையில் நடத்திய ஆங்கில வகுப்பில் வந்து சேர்ந்தாள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும். ஐவி மிஸ் முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர். சம்பளம் இல்லாத வேலை என்றால் அவருக்குக் கண்டிப்பு இரண்டு மடங்கு.

"கோ, கம், ரன் எல்லாம் குழந்தைக்கும் தெரியும். பின்னாடி ஒட்டிக்கிட்டு வருதே அப், டவுன், இன், அவுட், அவே, பேக், அதுங்கதான் ஆளைக் கவுக்கும்" என்பார். ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து வாக்கியம் எழுதி வரவேண்டும். வீட்டிலோ வேலையிலோ நிஜமாக நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும், கற்பனை கூடாது. மேலே தேதி போட வேண்டும்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, ஏலத்தில் மீன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது தேசம்மா ரோட்டிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனாள். மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்கள் பெயரை வாசிப்பார்களே, அந்த ஓலைகூட மூன்றும் வாசித்து முடிந்திருந்தது. படுக்கையில் கிடக்காமல் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஆஸ்பத்திரில டாக்டர் வேற மாதிரி சொன்னாரு மிஸ்" என்றாள் ஜாஸ்மின். "ரொம்ப நாளாவே நெஞ்சு கெட்டுக் கீது, ரெண்டு மாசம் முன்னாடி இட்டாந்திருந்தா காப்பாத்தி இருக்கலாம்னாரு. அம்மாவுக்குத் தெரியுமா, தெரிஞ்சே மறைச்சிச்சா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

ஐவி மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "நாலாவது மாடிக்கு ஏறிப் போனேன். மேடம் வெளியே வந்தாங்க. நாய் என் கூடைக்குள்ள பாய்ஞ்சுது. வஞ்சிர மீனோட ஓடிப்போச்சு. மேடம் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்த பக்கம் அது. ஜாஸ்மினும் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் ஐவி மிஸ்ஸின் குரல் நின்றுவிட்டது. 'ஐ ஃபெல் டவுன் பஸ் ஸ்டாப்' என்று தேசம்மா எழுதியிருந்தாள். நடுவில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு 'அட் தி' என்று சிவப்பில் சேர்த்திருந்தது. அந்த 'அட் தி' போட்டது ஐவி மிஸ்ஸுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள் என்பதுதான் ஞாபகம் இல்லை.

"பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்தேன்னு எழுதியிருக்கா" என்றார்.

"ஃபெல்னா வுழறது இல்ல மிஸ்?"

முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் ஐவி மிஸ் இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்டதில்லை. அதற்கப்புறம் அவர் எதையும் மாற்றவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் வரிசையாகச் சொன்னார்.

"பஸ் ஸ்டாப்ல விழுந்தேன். பூக்காரம்மா ஓடி வந்தாங்க. எழுந்து வீட்டுக்குத் திரும்பி வந்தேன்." அடுத்த வாரம்: "ரெண்டாவது மாடி வரைக்கும் போனேன். மூச்சு வரல. கீழே இறங்கிட்டேன்." ஆகஸ்ட் பதின்மூன்று: "ஞாயித்துக்கிழமை முதல் ஓலை. கோயிலுக்கு உள்ள போனேன். நெஞ்சு வலிச்சுது. வெளியே வந்துட்டேன். மகள் உள்ள இருந்தா. அவகிட்ட சொல்லல. சொன்னா கல்யாணம் தள்ளிப்போயிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் தேசம்மா 'கோ ஆஃப்' என்று எழுதியதை அடித்து 'பி புட் ஆஃப்' என்று மாற்றியிருந்தார் ஐவி மிஸ். கீழே 'வெரி குட்'.

ஜாஸ்மின் குனிந்து அந்த 'வெரி குட்'டை விரலால் தடவினாள். "என்னைக் கட்டிக்கப்போற பிரசாத்தோட அம்மா துக்கத்துக்கு வந்தப்ப இன்னா சொன்னாங்க தெரியுமா மிஸ்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தே நாள்ல தாலி கட்ட வச்சிட்டு, ஆஸ்பத்திரிக்கும் நாங்களே இட்டுக்கினு போயிருப்போமேன்னு அழுதாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. "ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அம்மா ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் போயிருக்கு. அது தனியாவே தவிச்சிச்சோன்னு நெனச்சி நெனச்சி எனக்கு சோறே எறங்கல மிஸ். என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கள்ட்ட சத்தியம் வாங்கிச்சா?"

தலையை ஆட்டினால் போதும். பெண்ணுக்கும் நிம்மதி, தனக்கும் பழி இல்லை. ஐவி மிஸ் அந்த நிமிஷம் தலையை ஆட்டிவிடவே நினைத்தார், அதை ஒளிப்பானேன். ஆனால் அந்தச் சிவப்பு மை கண் முன்னாலேயே இருந்தது.

"இல்லம்மா. அவ சத்தியமெல்லாம் வாங்கல. நான் படிக்கவே இல்ல, ஜாஸ்மின். திருத்தினேன், அவ்வளவுதான். எங்க என்ன விட்டிருக்கான்னு பார்த்தேன், என்ன சொல்லியிருக்கான்னு பார்க்கல. பாவி நான்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது, யாரும் எழுந்து போகவில்லை. ஜாஸ்மின் நோட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள் என்றுதான் ஐவி மிஸ் நினைத்தார். அவளோ அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எழுத்து இருந்த கடைசிப் பக்கம் வந்ததும் அப்படியே அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல செவப்பே இல்லியே மிஸ். இத்தயாவது படிங்க."

தேதி ஆகஸ்ட் இருபத்தொன்பது, வியாழக்கிழமை. பத்து வாக்கியம் இல்லை, ஆறுதான் இருந்தன. ஐவி மிஸ் ஒவ்வொரு சொல்லாக, சின்னக் குழந்தை படிக்கிற மாதிரி படித்துத் தமிழில் சொன்னார்.

"இன்னிக்கு வகுப்புக்கு வந்தேன். படி ஏற முடியல. மிஸ்ஸோட குரல் கீழ வரைக்கும் வந்துது. கீழேயே உட்கார்ந்து கேட்டேன். யாரும் வெளியே வரல. திரும்பிப் போயிட்டேன்."

அன்றைக்கு மாடியில் வருகைப் பதிவேட்டில் தேசம்மா பெயருக்கு நேரே ஐவி மிஸ் ஆப்சென்ட் போட்டிருந்தார்.