மூன்று பத்துக்கு விழுகிறவர்

அண்ணியின் வீட்டுக்குள் பதினொரு இரும்புப் படிகள் முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரே அறை, தகரக் கூரை, வாசலில் ஏறி இறங்க ஒரு கல்கூட இல்லாமல் தெருவோடு ஒட்டிக் கிடந்த வீடு. கட்டில் ஓரத்தில் தொடங்கிய படிகள் கூரையில் முட்டி நின்றன. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் வந்து அண்ணாந்து பார்த்தார். “படி வைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா” என்று குறைபட்டுக்கொண்டு போனார்.

படிகள் காகிதத்திலிருந்து வந்தவை. அண்ணன் அட்டைப்பெட்டி ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர். முந்தைய நாள், திங்கட்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, பாய்லர் மேடையிலிருந்து இறங்கும்போது எட்டாம் படியில் தவறி விழுந்தார். ஆலையில் யாருக்கு அடிபட்டாலும் ஒரு நாளைக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும் என்பது சட்டம். போனால், வாசல் பலகையில் ‘விபத்தில்லாத நாட்கள் 412’ என்றிருப்பது பூஜ்யமாகிவிடும், அடுத்த வருடம் ஆலை கட்ட வேண்டிய பிரீமியமும் ஏறிவிடும். அதனால் சூப்பர்வைசர் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் ஆலையில் அவருக்குச் சிரிப்பு என்று பெயர்.

“ஆலையில விழுந்தார்னு எழுதினா விசாரணை அது இதுன்னு ஆபரேஷன் தள்ளிப் போகும்க்கா. வீட்டுப் படியில விழுந்தார்னா இப்பவே உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“எங்க வீட்டுல படியே இல்லையே தம்பி.”

“யாரு வந்து எண்ணப் போறா?”

அண்ணி கையெழுத்துப் போட்டாள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் சிரிப்புக்கு முழுப் பொய் எழுதக் கை வரவில்லை போலும், நேரத்தையும் பதினொரு இரும்புப் படியில் எட்டாவது என்பதையும் உள்ளபடியே எழுதி இடத்தை மட்டும் மாற்றியிருந்தார். ஆபரேஷன் அன்றே நடந்தது. நான்காம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அவரைக் கொண்டுவந்து கிடத்த அறையில் இடம் போதாமல் கட்டிலைத் தெருவில் எடுத்துப் போட்டோம். பார்க்க வந்த பாய்லர் ஆட்கள், “நம்ம ஏணிப்படி மாதிரியே இருக்கே” என்றார்கள். சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள். மறுநாள் அவர்களுக்கு ஷிப்ட் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பிற்பகல் மூன்று பத்துக்கு, அண்ணன் நீலச் சட்டையோடு கூரையின் அடியிலிருந்து இறங்கி வந்து, எட்டாம் படியில் கால் தவறி, அண்ணியின் முன்னால் தரையில் விழுந்தார். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார், பிறகு இல்லை. அதற்கடுத்த நாளும் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழுந்தார், அன்று ஆலைக்குத்தான் விடுமுறை. அண்ணி கைகளை நீட்டிக்கொண்டு கீழே நின்று பார்த்தாள்; கைக்குள் எதுவும் அகப்படவில்லை. மெத்தை விரித்துப் பார்த்தாள். சத்தம் மட்டும் குறைந்தது. தெருவில் துணி தேய்ப்பவர் அந்தச் சத்தம் கேட்டுத்தான் டீ குடிக்கப் போனார். அண்ணி அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படியான வேலைகளை மட்டும் ஏற்றுக்கொண்டாள். ஆளில்லாத வீட்டில் அவரை விழ விடக் கூடாது என்பாள்.

விழுந்த இடத்தைத் திருத்திவிட்டால் விழுவது நின்றுவிடும் என்று அவள் நம்பினாள். மூன்று வருடம் காப்பீட்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

“நஷ்ட ஈடு கேட்டு எழுதுங்கம்மா, அதுக்குத்தான் எங்ககிட்ட பாரம் இருக்கு” என்றார் குமாஸ்தா.

“அவர் விழுறது நிக்கணும் சார்.”

“அதுக்குப் பாரம் இல்லையேம்மா.”

கடைசியில் ஓர் ஆய்வாளர் வந்தார். யோக்கியமான மனிதர், டீகூட வேண்டாம் என்றுவிட்டார். படிகளை எண்ணினார், டேப் வைத்து அளந்தார். பிறகு, அதுவரை எங்களில் ஒருவரும் பயத்தில் செய்யாததைச் செய்தார்: ஏறிப் பார்த்தார். “எட்டாவது ஆடுதேம்மா, பத்த வச்ச வெல்டிங் விட்டிருக்கு” என்று குறித்துக்கொண்டு இறங்கினார். மூன்று பத்துக்கு அண்ணன் விழுந்தார். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். கிளம்பும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், “நான் பார்த்ததைத்தானேம்மா எழுத முடியும்” என்றார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. வீட்டுப் படியிலிருந்து அவர் விழுவதை அதிகாரியே நேரில் கண்டிருப்பதால் ஆலையின் அறிக்கை சரியானது, படியைப் பழுது பார்க்காமல் விட்டது வீட்டாரின் கவனக்குறைவு, கோப்பு முடிக்கப்பட்டது. ஆலைப் பலகையில் அதற்குள் எண் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

அண்ணி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அழவில்லை. எதிர் வீட்டு வெல்டரைக் கூப்பிட்டு, “எட்டாவது படியைப் பத்த வச்சுக் குடு தம்பி, பழுது பார்க்கலைன்னு எழுதியிருக்காங்க” என்றாள். அவன் வேலை முடித்து, ஏறி நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தான். “அரை மணி நேர வேலைதான்க்கா இது” என்றான்.

மறுநாள் மூன்று பத்துக்குத் தெரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சத்தம் வரவில்லை. அண்ணன் பதினொரு படியும் இறங்கித் தரையில் கால் வைத்து நின்றதாக அண்ணி சொன்னாள். இப்போதெல்லாம் மூன்று மணி ஆனதும் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.