கதவைத் தட்டியது யார்

பதில் அனுப்பக் கொடுத்திருந்த தவணை முடிய இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம், இரண்டு வருடப் படிப்புக்கு எனக்கு இடமும் உதவித்தொகையும் தருவதாக எழுதியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்பதைத் திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் தெரிவிக்க வேண்டும். அன்று ஞாயிறு, காலை பத்து மணி.

"அதப் பத்தி இன்னைக்கு வாயே தொறக்காத சந்திரி" என்று அம்மா சொல்லியிருந்தாள். "மொதல்ல அவங்க கை நனைக்கட்டும். பெறகு மாப்பிள்ளையக் கேட்டு முடிவு பண்ணலாம்."

எங்கள் ஆட்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் தேநீர் குடிப்பார்கள், பலகாரம் தொடுவார்கள், சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை நனைந்தால் சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் பேச்சை மாற்றக் கூடாது. அப்படியிருந்தும் பெண் வீட்டில் சமைத்துத்தான் வைப்பார்கள். அம்மா கோழிக் குழம்பு வைத்து, மேசையில் தட்டுகளையும் பரப்பிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா ராஜரத்தினம் ஹேவாஹெட்டயில் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பாலம்மா. மகன் லோகேஸ்வரனுக்குப் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. என் அப்பா கறுப்பையா, கலஹா பேராதனை பஸ் ஓட்டுகிறார். ஆகவே முதலில் ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். ரோடு சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் தேநீர் கொண்டுபோனபோது எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் இருந்த மணிக்கூடு நின்றுபோய் ஒரு மாதம்.

"ஏழு காட்டுதே" என்றார் ராஜரத்தினம். "கடிகாரக்காரி வீடு மாதிரி."

முறுக்குத் தட்டோடு வந்த அம்மா நின்றாள். "அண்ணனும் அத பாத்தீங்களா?"

அதன் பிறகு யாருக்கும் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை.

அது தமிழில் குரல் கொடுத்த கொரிய நாடகம். வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு வந்தது. ஒரு தாதிப் பெண்ணுக்குச் சட்டைப்பையில் வைக்கிற பழைய மணிக்கூடு ஒன்று கிடைக்கிறது. அதை முறுக்கினால் அறுபது வருடம் பின்னால் போகலாம், வரலாம். அவள் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கடிகாரக்காரி என்றே ஆகிவிட்டது. கடைசிப் பாகத்தில் அவள் பழைய காலத்தில் நிற்கிறாள். மணிக்கூட்டில் ஒரே ஒரு முறுக்குத்தான் மிச்சம். காட்சி மாறுகிறது. இந்தக் காலத்தில் அவளுடைய அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். யாரோ மூன்று தரம் கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழும்புகிறாள். நாடகம் முடிந்துவிட்டது. தட்டியது யார் என்று மூன்று வாரமாக யாருக்கும் தெரியவில்லை.

"அவதான்" என்றாள் அம்மா. "பெத்தவளத் தேடி வராம புள்ள வேற எங்க போகும்?"

"இல்ல தங்கச்சி" என்றார் ராஜரத்தினம். "அந்தப் பழைய காலத்து டொக்டர் பையன். மணிக்கூட்ட அவ அவன்கிட்ட குடுத்திட்டா. கடைசிப் பாகத்துல அவன் சட்டப்பை வீங்கியிருந்திச்சே, கவனிக்கலியா?"

"அவன் மூஞ்சியத்தானே காட்டுனாங்க."

"மூஞ்சியப் பாத்தா கத வெளங்காது."

பாலம்மா அதுவரை தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். "பூ விக்கிற கெழவி" என்றார். "மொதப் பாகத்துல வருவா. அவ கையிலயும் தழும்பு, இவ கையிலயும் தழும்பு. போன எடத்துல மாட்டிக்கிட்டு, வயசாகி வந்து கதவத் தட்டுறா."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப அறுவது வருசம் அம்மாவப் பாக்காமலா இருந்தா?"

"அதுல பாதி நாள் அம்மா பொறக்கவே இல்லியே" என்றார் அப்பா. நாடகத்தில் ஒரு பாகம்கூட அவர் பார்த்ததில்லை. "எனக்கென்னமோ பக்கத்து வீட்டுக்காரன்னு தோணுது. ஒங்க வீட்டுல கரண்ட் இருக்கான்னு கேக்க வந்திருப்பான்."

ராஜரத்தினம் என் பக்கம் திரும்பினார். "பிள்ள பிசிக்ஸ் தானே? கெழவியும் அவளே, கொமரியும் அவளே. ஒரே ஆள் ஒரே தெருவுல ரெண்டு வயசுல நிக்கலாமா?"

"தெரியல மாமா."

"நாலு வருசம் பேராதனை கேம்பஸ்ல இத சொல்லிக் குடுக்கலியா?"

என் படிப்பைப் பற்றி அன்று கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

லோகேஸ்வரன் முறுக்கை இரண்டாக உடைத்து, சாப்பிடாமல் கையில் வைத்திருந்தார். "அவ தட்ட மாட்டாப்பா" என்றார். "நாடகம் முழுக்க அவ தன்னோட சாவியப் போட்டுத் தொறந்துதான் வீட்டுக்குள்ள வந்தா. ஒரு நாளும் தட்டுனதில்ல."

"அப்ப யாரு?"

"அது தெரியாது. அவ இல்லைன்னு தெரியும்."

அப்போதுதான் அவரை நான் நேராகப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு அப்பா முறைப்படி தொண்டையைக் கனைத்தார். சாப்பிடலாமா என்று அவர் கேட்க வேண்டும். சாப்பிடலாம் என்றோ, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றோ அவர்கள் சொல்ல வேண்டும். ஆனால் ராஜரத்தினம் எழும்பி மேசைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இங்க வா, காட்டுறேன்" என்று மகனைக் கூப்பிட்டு உட்கார்ந்தார். "இந்தத் தட்டு அவ வீடு. இந்தத் தண்ணிக் கிளாஸ் ஆசுப்பத்திரி. டொக்டர் பையன் இப்பிடி வந்தா எத்தன நிமிசம்?"

தட்டுக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் அம்மாவின் கை தானாகச் சோறு போட்டுவிடும். கடிகாரக்காரியின் வீட்டில் இரண்டு கரண்டி சோறு விழுந்தது. மேலே குழம்பு.

"சாவி அவகிட்ட இருக்கு, சரி. டொக்டர்கிட்ட சாவி ஏது? அதனாலதான் அவன் தட்டுறான்" என்று சொல்லிக்கொண்டே அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயும் சாப்பிட்டார்.

"என்னாங்க" என்றார் பாலம்மா, மெதுவாக.

ராஜரத்தினம் தன் கையைப் பார்த்தார். விரல்களில் குழம்பு இருந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். "சம்பந்தி, உப்பு சரியா இருக்கா?"

முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவர், போட்ட கையெழுத்தைத் திரும்ப அழிக்கிறவர் இல்லை. "சரியா இருக்கு" என்றார். "வெச்ச கைய வெச்சாச்சு. ஒக்காரு பாலம்மா."

பாலம்மா மகனைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பளத்தை நீட்டினாள். என்னைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது, மற்றதைப் பிறகு பேசலாம் என்று அர்த்தம்.

லோகேஸ்வரன் மட்டும் உட்காரவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அவ ஏன் வரல?"

குரலைத் தாழ்த்தினேன். "முடியாம இல்ல" என்றேன்.

"சத்தமா சொல்லும்மா" என்றார் ராஜரத்தினம், வாயில் சோற்றோடு.

"அவளுக்கு வர முடியாம இல்ல. மணிக்கூடு நல்லாத்தான் இருந்திச்சு. அங்கேயே இருக்கிறதுன்னு அவ முடிவு பண்ணிட்டா."

மூன்று வாரத்தில் இப்படி ஒரு விளக்கத்தை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை போலும்.

"அதெப்பிடி" என்றாள் அம்மா. குழம்புச் சட்டி அவள் கையில் இருந்தது. "பெத்தவ சோத்த வெச்சுக்கிட்டுக் காத்திருக்கா. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம எப்பிடி முடிவு பண்ணுவா?"

"அம்மா" என்றேன். "நேத்துச் சாயங்காலமே நோர்வேக்குச் சரின்னு பதில் அனுப்பிட்டேன். ஆகஸ்ட்ல போறேன்."