பலகையில் நிழல் தெரியவில்லை

விமானம் கட்டும் அந்தத் தொழிற்சாலையில் சின்னவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்பார்கள். தரப் பரிசோதகர் வேலை. எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்பதால் வந்த பட்டம். அப்பேர்ப்பட்ட கண்தான் ஒரு ஸ்பேனரிடம் ஏமாந்தது.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காவின் கணவர். அத்தான் அதே தொழிற்சாலையில் வால்பகுதியைப் பூட்டும் பிரிவுக்கு ஃபோர்மேன். அவள் குடியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியில்தான். சாப்பாடு கீழே, தூக்கம் மேலே.

அத்தானின் பிரிவில் சுவரோடு ஒரு பெரிய மஞ்சள் பலகை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயின்டில். கருவியை மாட்டினால் கறுப்பு மறையும், எடுத்தால் தெரியும். நிழல் பலகை என்று பெயர். வேலை முடிந்ததும் ஒரு நிழல்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஏதோ ஒரு கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. காரணம் இருக்கிறது. விமானத்தை மேலே ஏற்றிக் கீழே இறக்கும் கம்பிவடங்கள் வால்பகுதிக்குள்தான் ஓடுகின்றன. வானத்தில் ஒரு ஸ்பேனர் உருண்டுபோய் அங்கே மாட்டிக்கொண்டால், விமானி என்ன இழுத்தாலும் பிடி அசையாது.

கருவிகளில் எண்ணும் பொறித்திருக்கும். அதையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. யார் படிக்கிறார்கள்? நிழல் தெரியவில்லையா, முத்திரையைக் குத்து, கிளம்பு. பூதக்கண்ணாடியும் அப்படித்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ராட்செட் ஸ்பேனரை மாட்டப் போன பொருத்துநர் ஒருவர் கை தவறி அதை அவள் காலடியில் போட்டுவிட்டார். எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். மற்ற கருவிகளெல்லாம் கைபட்டுக் கைபட்டு மழுங்கிக் கிடக்க, இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண் இல்லை.

ஸ்டோரில் விசாரித்துவிட்டு அத்தானிடம் போனாள்.

“பழசு தேஞ்சுபோச்சும்மா. நான்தான் புதுசு மாட்டினேன்.”

“பழசு எங்க அத்தான்?”

“தூக்கிப் போட்டாச்சு.”

“ஸ்டோர்ல கேட்டுட்டுத்தான் வர்றேன். அங்க வரவே இல்லைங்கிறாங்க.”

“உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று அத்தான் மேசை இழுப்பறையை இடுப்பால் இடித்துச் சாத்தினார். சாத்துவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பலகையில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மாற்று, உறைகூடப் பிரிக்காமல், உள்ளே அடுக்கியிருந்தது. சீக்கிரம் சீக்கிரம் என்று மேலிடம் கழுத்தைப் பிடித்தால் தொலைந்ததைத் தேடிக்கொண்டா இருப்பார்கள்? புதிதாக ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்தது. பலகை என்ன வாய் திறந்து கேட்கவா போகிறது?

அப்போது பிரிவில் நின்ற விமானத்துக்கு வால்பகுதியை மூடித் தகடுகளைத் திருகியாயிற்று. ஸ்பேனர் அதற்குள்தான் கிடக்கிறது என்று சின்னவள் முடிவு கட்டினாள்.

அவள் போய் விஷயத்தைச் சொன்னதும், மேலாளர் அவளை மரியாதையாக உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

“எல்லாக் கருவியும் இருக்குன்னு முத்திரை குத்தினது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்ப நீங்க குத்தினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அரசாங்கத்தின் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். எண்ணைப் படிக்காமல் முத்திரை குத்திய தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். புதிய ஸ்பேனரை யார் மாட்டினார்கள் என்று கேட்டதற்கு மட்டும் தெரியாது என்றாள். இழுப்பறையைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஒரு பொய் அக்காவுக்காக.

அக்கா அதற்கு நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அன்று சாயங்காலமே விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது.

“உன்னைத் தூக்கிச் சுமந்த இடுப்பு இன்னும் வலிக்குதுடி எனக்கு. அவர் பிரிவுமேலயே புகார் கொடுத்திருக்க. தேஞ்சதைத் தூக்கிப் போட்டேன்னு என் தலைல கை வச்சு சொல்றாரு. அவர் பொய் சொல்றாரா?”

சின்னவள் மாடி ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அவளுடைய சாப்பாடு மாடிப்படியின் கடைசிப் படியில் மூடி வைக்கப்பட்டிருக்கும். பேச்சு கிடையாது.

அதிகாரிகள் வந்தார்கள். வால்பகுதியைத் திறந்து, விளக்குப் போட்டு, கண்ணாடி நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு டார்ச் லைட் கிடைத்தது. ஒற்றைக் கையுறை கிடைத்தது. முனை உடைந்த திருப்புளி ஒன்றும், யாரோ ஒருவருடைய சாப்பாட்டு டப்பாவின் மூடியும் கிடைத்தன. ராட்செட் ஸ்பேனர் கிடைக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த டப்பா மூடிக்கே தொழிற்சாலையை இழுத்து மூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. புகார் ஸ்பேனரைப் பற்றியது, ஸ்பேனர் இல்லை, ஆகவே புகார் நிரூபணமாகவில்லை. டார்ச் லைட்டைப் பற்றித்தான் யாரும் புகார் கொடுக்கவில்லையே! மேலாளர் எல்லோரையும் கூட்டிச் சுத்தத்தைப் பற்றி ஒரு வகுப்பு நடத்தினார், டீயும் பிஸ்கட்டும் கொடுத்து. முத்திரையைப் பொய்யாகக் குத்தியதற்காகச் சின்னவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவள் வெளியே போகும்போது, பூதக்கண்ணாடிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி அவளோடு தினம் ஒரே பஸ்ஸில் வந்தவள்.

அன்று சாயங்காலம் அத்தான் மாடி ஏறி வந்தார்.

“எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே கீழ வந்து சாப்பிடு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தார். தொழிற்சாலையில் அதட்டியே பழகிய மனிதர், குரல் எழும்பாமல் பேசினார்.

“நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். அது உனக்குத் தெரியணும்.”

“என்ன சொல்றீங்க அத்தான்?”

“பழைய ஸ்பேனர் இதுல இல்ல. முன்னாடி போன விமானத்துல. நீ அந்தப் புது ஸ்பேனரைக் கையில எடுத்துப் பார்த்தியே, அதை நான் மாட்டி அப்பவே ரெண்டு மாசம் ஆச்சு.”

ரெண்டு மாதம். ஒவ்வொரு நாளும் அந்தப் பளபளப்பின் எதிரே நின்று அவள் முத்திரை குத்தியிருக்கிறாள். இழுப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னாடி போனவற்றையும் திறந்து பார்த்திருப்பார்கள். அக்காவுக்காக விழுங்கிய வார்த்தை அது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

“அந்த விமானம் எங்க?”

“பறந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகல பாரு. ஆகாது. எங்கயாவது ஒரு மூலைல கிடக்கும்.” ஆமாம் என்று அவள் சொல்ல மாட்டாளா என்று ஏங்குகிற குரல். “தூக்கமே வர மாட்டேங்குதும்மா. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.”

எந்த விமானம் என்று கேட்டாள். அதையும் சொன்னார். சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது; சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி பெருமூச்சு விட்டு எழுந்தார். இறக்கி வைத்தது சின்னவளின் தலையில்.

சமையலறையில் அக்காதான் முதலில் பேசினாள்.

“வா. கை கழுவு. பாதியா இளைச்சுட்ட.”

தட்டில் சோறு போட்டு, அவளுக்குப் பிடிக்கும் என்று முட்டையை இரண்டாக வெட்டி வைத்தாள். பிள்ளைகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத்தான் இருந்தது. சின்னவள் எடுத்த முதல் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

“அக்கா, நாளைக்கு மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போறேன்.”

“எதுக்கு? அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே.”

“அந்த விமானத்துல இல்ல. வேற ஒண்ணுல இருக்கு.”

“யார் சொன்னா?”

சின்னவள் அத்தானைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“தூக்கிப் போட்டேன்னு சொன்னீங்க,” என்றாள் அக்கா மெதுவாக. “என் தலைல கை வச்சு சொன்னீங்க.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“இந்தத் தடவை உங்க பேரைச் சொல்லாம முடியாது அத்தான்,” என்றாள் சின்னவள். “நான் மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க.”

“வேலை போகும். ஜெயிலுக்கே அனுப்பினாலும் அனுப்புவாங்க.” அத்தான் இதை அவளிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னார். “பசங்க படிப்பை நினைச்சுப் பாரு.”

அக்கா அடுப்பை அணைத்தாள்.

“அதுல எத்தனை பேர் போவாங்க?”

“நூத்தெண்பது பேர்,” என்றாள் சின்னவள். “ஒரு தடவைக்கு.”

பக்கத்து அறையில் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். பிறகு அக்கா பாத்திரத்தை எடுத்து வந்து, கேட்காமலே சின்னவளின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

“சாப்பிடு. நாளைக்குப் போ. ஒண்ணு விடாம சொல்லு. இவர் பேரையும் சொல்லு.” கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள். “சொல்லிட்டு இந்த வீட்டுக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது.”

குரல் உயரவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் ஆறிவிடும் என்று நம்பியிருக்கலாம். அக்கா யோசித்துச் சொன்னாள்.

சின்னவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தட்டைக் கழுவி எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள். துணிகளை எடுத்து வைக்க மாடி ஏறும்போது கீழே அக்காவின் குரல் கேட்டது.

“சோறு ஆறுது. சாப்பிடுங்க.”