பூச்சு உடையாத சாவி

காந்தத்தில் ஒரு சாவி ஒட்டிக்கொண்டிருந்தது.

இடித்த கட்டடங்களின் கல்லை அரைத்து, சாலைக்கு ஜல்லியாக்கும் ஆலையில் நானும் என் மனைவியும் வேலை பார்க்கிறோம். நான் இயந்திரத்தின் வாயில் கல்லைத் தள்ளுவேன். அரைபட்டது ரப்பர் பட்டையில் ஓடி வரும்போது மேலே தொங்கும் காந்தம் ஆணி, கம்பியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஸ்விட்சை அணைத்தால் உதிரும். அவள் கூடையில் ஏந்துவாள்.

சாவி எங்கேயும் கிடைக்கும்தான். ஆனால் இதில் மண்பூச்சு காய்ந்து அப்பியிருந்தது.

எங்கள் ஊரில்தான் அந்த வழக்கம். வெளியூர் போனால் வாசல் நிலைக்கு மேலே சுவரில் சாவியை வைத்து ஈரமண்ணால் பூசிவிடுவோம். பூச்சு உடையாதிருந்தால் உள்ளே யாரும் போகவில்லை என்று அர்த்தம். குண்டு விழத் தொடங்கிய அன்றும் அப்படித்தான். தலைக்கு மேலே விமானம் சுற்றுகிறது, ஊரே நின்று மண் குழைக்கிறது. நாலு நாளில் திரும்பலாம் என்றார்கள். அன்று என் மனைவியின் இடுப்பில் இருந்த மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது.

மேஸ்திரிக்கு இது பெரிய வேடிக்கை. "சுவத்துக்கிட்ட சாவியக் குடுத்துட்டு வந்த மகராசனுங்க!" என்பார்.

"சுவரு உங்கள மாதிரி இல்லண்ணே, நாணயமானது" என்பாள் இவள். இங்கே ஒரு மனை பார்க்கலாமா என்று நான் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "வீடு இருக்கறவங்களுக்கு எதுக்குங்க இன்னொரு வீடு?"

லோடு இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம் ஓடினேன். "இது எந்த ஊருக் கல்லு?"

"ஊரா? அங்க ஏதுப்பா ஊரு, முள்ளுக்காடு. பெரிய குளம், கரையில ரெட்டைக் கெணறு. போன மாசத்துலேர்ந்து அங்கேர்ந்துதான லோடு அடிக்கிறேன்."

எங்கள் ஊர் ரெட்டைக் கிணறு. போன மாதம் முழுக்க வாய்க்குள் தள்ளியது இந்தக் கைகள்தான். யார் வீட்டுச் சுவரை எப்போது தள்ளினேன்? எதிர்வீட்டையா, தம்பி வீட்டையா?

திரும்பி வந்தபோது காந்தத்தில் இன்னும் நான்கைந்து சாவிகள். என் மனைவி அண்ணாந்து நின்றாள். ஓரத்தில் ஒரு மண்கட்டி. அதிலிருந்து ஒரு சைக்கிள் சங்கிலிக் கண்ணி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சாவிக்கு வளையம் இல்லாமல் நான் மாட்டிக் கொடுத்த கண்ணி.

"அணைங்க" என்றாள்.

அணைத்தேன். கூடையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். மற்ற சாவிகள் பட்டையில் விழுந்து ஜல்லியோடு ஓடின. மண்கட்டி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அங்க என்ன வேடிக்கை? கல்லு நிக்குது பாரு!" மேஸ்திரி கத்தினார்.

அவள் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேல், அன்று அவள் அழுத்திப் பூசிய விரல் தடம் அப்படியே இருந்தது.

"ஏங்க," என்றாள், "பூச்சு உடையலங்க."