இருபது முறை நிற்க வேண்டிய கால்

கால் மடங்கிய சத்தம் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. பன்னிரண்டு டன் இரும்புச் சட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து பாதுகாப்புச் சங்கிலிகளில் தொங்கியது. கிரேன் ரிமோட்டை இறுகப் பிடித்தபடி முனிரத்தினம் கத்தினார்.

"யாரும் கிட்ட போவாதீங்க!"

யாரும் போகவில்லை. தரையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்ற கங்கா கடிகாரத்தைப் பார்த்து, காலை பத்து இருபது என்று பதிவேட்டில் எழுதினாள். பதினொன்றாவது இறக்கம், தோல்வி.

ஒரகடத்தில் பெரிய பெரிய கார்த் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த அந்தச் சிறிய கம்பெனியில் மொத்தம் நாற்பது பேர். கனமான செயற்கைக்கோள்களை மேலே விட்டுவிட்டுத் திரும்பி வந்து நின்று, மறுபடியும் பறக்கப்போகிற ஒரு ராக்கெட்டுக்குக் கால் செய்துகொடுப்பது அவர்கள் வேலை. ராக்கெட்டைக் கட்டுவது வேறொரு நிறுவனம். பறக்கும்போது கால் ராக்கெட்டின் உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும். தரை நெருங்கியதும் குழாய்க்குள்ளிருந்து குழாயாக நீளும். முழு நீளத்துக்கு வந்தவுடன், பின் என்று அவர்கள் சொல்லும் கட்டைவிரல் தடிமனான எஃகுத் துண்டு ஒன்று துளைக்குள் பாய்ந்து அதைப் பூட்டிவிடும். எந்தப் பாகத்தையும் மாற்றாமல் ஒரே கால் இருபது முறை இப்படி விரிந்து, விழுந்து, நிற்க வேண்டும். ஒப்பந்தத்தின் நிபந்தனை அது. ராக்கெட்டின் எடைக்குப் பதில் இரும்புச் சட்டத்தைக் காலின் மேல் பூட்டி, கிரேனால் தூக்கி விழவிட்டுச் சோதித்தார்கள்; அப்படி ஒரு முறை விழவிடுவதுதான் ஒரு இறக்கம்.

கங்காவுக்கு முப்பத்தொரு வயது. டிப்ளமோ முடித்ததும் ஒரு லாரித் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, எட்டு வருடம் ஸ்பிரிங் பூட்டும் லைனில் நின்றவள். இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. குன்றத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்வது அவள் பொறுப்பு.

சோதனைப் பிரிவின் தலைவர் நயினார், திருநெல்வேலிக்காரர். சட்டத்தை நிமிர்த்திக் காலைக் கழற்றியபோது பின் வளைந்திருந்தது தெரிந்தது. புதுப் பின் போடச் சொன்னார். மறுநாள் காலையில் பதிவேட்டைத் திறந்தவர் கங்காவைக் கூப்பிட்டார்.

"என்ன கங்கா, ஒண்ணுன்னு எழுதியிருக்கிய? இன்னைக்கு பன்னெண்டுல்லா?"

"பின்னு மாத்திட்டோம் சார். அப்ப மறுபடி ஒண்ணுலருந்துதான்."

"ஒரு பின்னுதான? ஒன்பது நாள்ல ராக்கெட் கம்பெனிக்காரவிய பாக்க வாராவ. ஒண்ணுன்னு காட்டுனா ஆர்டர் நமக்கு இருக்குமா?"

"புதுப் பின்னு போட்டா எந்தக் காலும் நிக்கும் சார். இருவதாவது வாட்டி நிக்குமான்னுதான அவங்க கேக்கறாங்க?"

நயினார் பதிவேட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டீ இடைவேளையில் முனிரத்தினம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வல்லக்கோட்டைக்காரர். மூத்த மகளுக்கு அந்த வருடம்தான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"இன்னாத்துக்கும்மா வம்பு? அவரு சொல்ற நம்பரை எழுதிட்டுப் போயேன். இந்த ஆர்டரு போச்சின்னா நாப்பது பேரும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்."

"எனக்கும் அந்த பயம் கீதுண்ணா. ஆனா அது நெசமா எறங்கசொல்ல மடங்குச்சின்னா இன்னா பண்றது? மொத்த ராக்கெட்டும் சாஞ்சிடுமே."

அவர் டீயைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது, "செரி, மடங்குனது ஏன்னு மொதல்ல கண்டுபுடி. அத்த சொன்னா அவரு கேப்பாரு" என்றார்.

அது நல்ல யோசனையாக அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் துளையைப் படம் எடுத்து வைப்பது அவள் வழக்கம். பதினொரு படங்களையும் கணினியில் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் படத்தில் துளையின் விளிம்பு வழவழப்பாக இருந்தது. நான்காவதில் ஒரு பக்கம் மட்டும் லேசாக மினுங்கியது. எட்டாவதில் அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு உலோகம் பிதுங்கியிருந்தது. குழாய் நீளும்போதே பின் துளையின் விளிம்பில் மோதுகிறது, மோதி மோதி விளிம்பு உதடு போல் மடிகிறது, அதனால் பின் முழுக்க உள்ளே போகவில்லை. ஆனால் பாதி நுழைந்ததுமே, பூட்டியதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துவிடும். எல்லோரும் பூட்டிக்கொண்டது என்றே நம்பிவிட்டார்கள்.

படங்களை அச்செடுத்து நயினார் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எட்டாவது இறக்கத்துலயே முழுசாப் பூட்டல, இல்லையா?"

"ஆமா சார். எட்டு, ஒம்போது, பத்து மூணும் ஏதோ நின்னுச்சி, அவ்ளோதான்."

"நாந்தான் அந்த விளக்கை அப்படி வைக்கச் சொன்னேன்" என்றார். படங்களை அடுக்கி வைத்துவிட்டு, "என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"லாரி ஸ்பிரிங் நுனி ஓட்டையில புஷ்னு ஒரு வளையம் அடிப்போம் சார். தேஞ்சா அதுதான் தேயும். இங்க துளையில நல்லா கெட்டியான எஃகுல ஒரு புஷ் ஏத்தி, வாயை சரிவா இழைச்சிட்டா பின்னு வழுக்கிகினு உள்ள போயிடும்."

வரைபடம் போட்டு, கடைந்து, சூடேற்றிப் பதப்படுத்தி, துளையில் ஏற்றி முடிக்க மூன்று நாள் ஆனது. பின் முழுக்க உள்ளே போனால் மட்டும் எரியும்படி பச்சை விளக்கையும் மாற்றினார்கள். பிறகு நயினார் தானே பதிவேட்டை எடுத்து ஒன்று என்று எழுதினார்.

நாளைக்கு இரண்டு இறக்கம், சில நாள் மூன்று. தூக்கி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சங்கிலி மாட்டி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஆட்களை எண்ணி, முனிரத்தினம் விரலை அழுத்த, சட்டம் விழும். தரை அதிரும். கால் நிற்கும். கங்கா உள்ளே போய்த் துளையைப் படம் எடுப்பாள். கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயில் அடுப்பு மாதிரி இருக்கும். அதற்காக யாரும் வேலையைத் தள்ளிப்போடவில்லை.

ராக்கெட் நிறுவனத்திலிருந்து அமலா என்ற தலைமைப் பொறியாளர் இரண்டு பேரோடு வந்தபோது பதின்மூன்று முடிந்திருந்தது. பதினான்காவதை அவர்கள் முன்னாலேயே நடத்தினார்கள். கால் அசையாமல் நின்றது. வந்தவர்கள் கை தட்டினார்கள். கங்கா வழக்கம்போல உள்ளே போனாள். துளை சுத்தமாக இருந்தது. திரும்பும்போது காலின் அடியில், அதிர்ச்சி தாங்கும் உருளைக்குக் கீழே, தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. விரலால் தொட்டாள். சூடாக இருந்தது. மேலே பார்த்தபோது அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

ஒரு நிமிடம் அப்படியே குத்துக்காலிட்டிருந்தாள். காலால் தேய்த்துவிட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. இந்த எண்ணம் வந்ததே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சார், ஆயில் சீல் போயிடுச்சி" என்று சத்தமாகச் சொன்னாள். உருளைக்குள் எண்ணெயை அடைத்துவைக்கும் ரப்பர் வளையம் அது.

கை தட்டல் நின்றது. அமலா மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து பார்த்தார்.

"சீலை மாத்தினா, உங்க கணக்கு எங்கே இருந்து தொடங்கும்?"

நயினார் கங்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணுல இருந்து மேடம்" என்றார்.

"அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் கொடுங்க."

அமலா அலுவலக அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். மடங்கிய கால், அடித்துத் திருத்தாத எண்கள், ஒட்டிவைத்த பதினொரு படங்கள் எல்லாமே அதில் இருந்தன. வெளியே முனிரத்தினம் கிரேனைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த அமலா, "நாங்க இன்னைக்கே முடிவு சொல்லணும்னு வந்தோம்" என்றார். "ஆறு வாரம் தர்றேன். அதுக்குள்ள இருபது வரணும். வரலைன்னா வேற இடம்தான் பார்க்கணும், தப்பா நினைக்காதீங்க."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு, முனிரத்தினம் மீதியைக் கங்காவிடம் நீட்டினார்.

சீலின் உதட்டை உருளையின் சொரசொரப்பு அறுத்திருந்தது. உருளையை மறுபடி மெருகேற்றவே பத்து நாள் பிடித்தது. அதன்பின் மூன்றாவது இறக்கத்தில் ஒரு போல்ட் தளர்ந்தது. மாற்றினார்கள், மறுபடியும் ஒன்று. இந்த முறை யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. முனிரத்தினமே, "ஒண்ணா எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டத்தைத் தூக்கப் போனார்.

ஐந்தாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், இருபதாவது இறக்கம் முடிந்தது. கால் நின்றது. விளக்கு பச்சை. தரையில் எண்ணெய் இல்லை. பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நயினார் அமலாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வந்து, எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கங்காவிடம் வந்தார்.

"கால் இன்னும் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் கீது சார்."

"அப்ப எப்ப ஒடையுதுன்னு பாத்துருவமா? பறக்க விடுதவனுக்கு அது தெரிஞ்சாதான நல்லது?"

முனிரத்தினம் கையைக் கழுவிக்கொண்டு ரிமோட்டை எடுத்தார். அன்று மாலைக்குள் இரண்டு முறையும், அடுத்த வாரம் முழுக்கவும் போட்டார்கள். முப்பத்துநான்காவது முறை புஷ் விரிசல் விட்டுக் கால் மடங்கியது. சட்டம் சங்கிலியில் தொங்கி ஆடி நின்றதும், கங்கா மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் விரிசலை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தாள்.