கண்ணுக்குத் தெரியாத கட்டம்

குப்பை மெயில் தொல்லை தாங்காமல்தான் அவள் அதைச் செய்தாள். ஊருக்கெல்லாம் வெப்சைட் கட்டிக்கொடுப்பது அவள் பிழைப்பு. தன் சைட்டில் மெயில் முகவரியைப் பளிச்சென்று போட்டிருந்தாள். முகவரி பொறுக்கித் திரிகிற தானியங்கி ப்ரோகிராம்கள், பாட் என்பார்களே, அவை சும்மா விடுமா? தினம் முந்நூறு கண்றாவி விளம்பரம் வந்து விழுந்தது.

முகவரியைத் தூக்கிவிட்டு ஒரு படிவம் வைத்தாள். பெயர், மெயில், செய்தி, அதோடு 'ஊர்' என்று நாலாவதாக ஒரு கட்டம். அது மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. பாட் பக்கத்துக்குப் பின்னாலிருக்கும் கோடிங்கைப் படித்து அதையும் நிரப்பும். நிரப்பினால் செய்தி அப்போதே அழிந்துவிடும். அந்த ப்ரோகிராமுக்குச் சந்தேகம் வரக்கூடாதே, அதனால் 'செய்தி வந்து சேர்ந்தது, நன்றி' என்று பதில் மட்டும் காட்டும்.

பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அந்தக் கட்டத்தை வாசிக்கும். அதைத் தடுக்க இன்னும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். தெரிந்தவள்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள், பாவி.

எட்டு மாதம் நிம்மதியாகப் போனது. ஒருநாள் அண்ணி வாசலில் வந்து நின்றாள். தன் கல்யாணத்துக்கு வராத அண்ணன்மேல் கோபித்துக்கொண்டு அந்த வீட்டு நம்பர்களையெல்லாம் இவள் பிளாக் செய்து வைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டும் அண்ணி வரவில்லை.

"நாலு தடவை எழுதினாரே. ஒரு வரி பதில் போட மனசு வரலையா உனக்கு?"

எதுவுமே வரவில்லை என்று இவள் சத்தியம் செய்தாள்.

"வந்து சேர்ந்துச்சுன்னு உன் சைட்டே சொல்லுச்சு. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்."

சர்க்கரை நோயில் அண்ணன் கண் மங்கிக்கொண்டு வந்தது இவளுக்குத் தெரியாததா? அந்த மென்பொருள் 'ஊர்' என்று வாசித்திருக்கும், அவரும் நிரப்பியிருப்பார். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் தேடினாள். அழிந்தது அழிந்ததுதான்.

அன்றைக்கே தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் முழுவதையும் கேட்டார்.

"அப்ப நீ படிக்கவே இல்லையா? நல்லவேளை. படிச்சுட்டுத்தான் வரலைன்னு நினைச்சுட்டேன்."

என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள்.

"எழுத்துதான் தெரியாம போச்சு, கிட்ட வச்சா முகம் தெரிஞ்சுது. அதுவும் போறதுக்குள்ள பாப்பாவை ஒரு தடவை காட்டிட்டுப் போன்னு எழுதினேன். போன மாசம் அதுவும் போச்சும்மா."

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றி, மூக்கு, மோவாய் என்று விரலால் மெதுவாகத் தடவினார்.

"யார் ஜாடை?" என்று கேட்டார்.

உரித்து வைத்தாற்போல் அண்ணன் ஜாடை. அவள் அந்த விரலைப் பிடித்து அவர் மூக்கின்மேலேயே வைத்தாள்.