பழைய மணியா, புதிய மணியா

ஹஸ்னாவுக்குத் தேர்வு திங்கட்கிழமை பத்து மணிக்கு. இது மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் அது எந்தப் பத்து மணி என்பது ஞாயிற்றுக்கிழமை ஆகியும் லராஷ் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நோன்பு மாதம் வந்தால் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுக்கும். பெருநாள் கழிந்ததும் முன்னுக்குத் தள்ளும். அதனால் எங்கள் ஊரில் யார் எதற்கு நேரம் குறித்தாலும், "பழைய மணியா, புதிய மணியா?" என்று கேட்காமல் ஒருவரும் செருப்பை மாட்டுவதில்லை. ஹஸ்னாவின் தேர்வுச் சீட்டு வந்தபோது புதிய மணி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நோன்பு பிறந்து பழைய மணி திரும்பிவிட்டது. தேர்வு கணினித் திரையில். கேள்வி கேட்கப்போகும் அம்மாள் உட்கார்ந்திருப்பதோ லண்டனில். அவளுக்கு நோன்பும் கிடையாது, நோன்புக்காக முன்னும் பின்னும் ஆடுகிற கடிகாரமும் கிடையாது.

சீட்டிலிருக்கும் பத்து, பத்துதானா? அல்லது அந்த அம்மாளின் கணக்கில் அது இப்போது ஒன்பதா? இந்த நினைப்பு வந்ததிலிருந்து ஹஸ்னாவின் வயிற்றில் ஏதோ சுருண்டு கிடந்தது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கணவன் ஜவாத் லண்டனில் ஓர் உணவகத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறான். கல்யாணமாகி ஏழு வருஷம். ஆங்கிலத்தில் இடைநிலைத் தேர்வு ஜெயித்தால்தான் அவள் அவனிடம் போகலாம். போன தடவை கேமராவைப் பார்த்ததும் வாய் உலர்ந்து, தன் பெயரையே தப்பாகச் சொன்னாள். இந்தத் தடவையும் தவறினால் ஜவாத் விசாவுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் தாள்களெல்லாம் காலாவதி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி ஒன்றிரண்டு வருஷம், மறுபடி இதே வீடு, இதே மாமியார்.

இந்த நிலைத் தேர்வில் நேரத்தைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொற்களை அவள் துண்டுத் தாள்களில் எழுதி அடுக்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். வெள்ளைக்காரர்கள் நேரத்தைச் செலவழிக்கிறார்கள், மிச்சம் பிடிக்கிறார்கள், வீணாக்குகிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் அதைக் கொன்றும் போடுகிறார்கள். நேரத்தை வாடகைக்கு விடுவதாக மட்டும் எழுதியிருக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

மாமியார் லல்லா யம்னாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தாளுக்கும் அர்த்தம் கேட்பாள்.

"இது என்னது?"

"நேரத்தைக் கொல்றது, லல்லா."

"கொலைகாரப் பசங்க. என் புள்ளைய இவங்ககிட்டயா அனுப்பி வெச்சிருக்கேன்?" என்பாள் கிழவி. பிறகு, "ஏழு வருஷமா நீ என் அடுக்களைல பண்றதும் அதானே," என்று ஒரு குத்தும் சேர்த்துக் கொடுப்பாள்.

ஞாயிறு பிற்பகல் ஹஸ்னா ஊரெல்லாம் விசாரித்தாள். மசாலாக் கடைக்காரர் பத்துதான் என்று சத்தியம் பண்ணினார். மருந்துக் கடைப் பெண் ஒன்பது என்று அதைவிடப் பலமாகச் சத்தியம் பண்ணினாள். தேர்வு நிறுவனத்துக்குப் போன் போட்டால் ஞாயிறு விடுமுறை. கடைசியில் ஜவாத்தைக் கூப்பிட்டாள். பின்னால் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"சீட்டுல பத்துன்னுதானே போட்டிருக்கு? அப்போ பத்துதான்," என்றான்.

"இல்லீங்க, அது புதிய மணில போட்டது. உங்க ஊருக்கு அப்போ ஒம்பது. இப்போ ரெண்டு ஊருக்கும் ஒரே மணி ஆயிடுச்சு. அந்தம்மா ஒம்பதுக்கே வந்து உக்காந்துட்டா?"

"எல்லாத்துக்கும் பயந்து சாவாத ஹஸ்னா. பத்துக்குப் போ. நான் சொல்றேன்ல."

அவன் குரலில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. வேலை அலுப்பாக இருக்கும் என்று அவள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை. புருஷன் பேச்சைக் கேட்பதா, வயிற்றில் சுருண்டு கிடப்பதன் பேச்சைக் கேட்பதா என்று குழம்பிக் குழம்பி, காலையில் வயிற்றின் பேச்சையே கேட்டாள். ஒன்பதுக்கே போய் உட்கார்ந்துவிடுவது. தப்பென்றால் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம்.

வீட்டு இணையம் நம்பத்தக்கதல்ல. துறைமுகத் தெருவில் பூஅஸ்ஸாவின் கணினிக் கடையைத்தான் பேசி வைத்திருந்தாள். பேசி வைத்தது பத்து மணிக்கு. நோன்பு மாதக் காலையில் லராஷைப் பார்க்க வேண்டும், பூனைகள் தவிர உயிர்ப்பிராணி கிடையாது. விடியலுக்கு முன் சாப்பிட்டுப் படுத்த ஊர் லேசில் கண் திறக்காது. கடையின் இரும்புக் கதவு தரைவரை இறங்கிப் பூட்டியிருந்தது.

ஒன்பதடிக்கச் சற்றே பாக்கி. ஹஸ்னா தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும் குத்தினாள். மாடி ஜன்னலில் பூஅஸ்ஸாவின் மனைவி தலை நீட்டினாள்.

"யாரு செத்துட்டாங்க?"

"தேர்வு இருக்கு அக்கா, கொஞ்சம் எழுப்பி விடுங்க."

"பத்துக்குன்னுதானே சொன்னே? மனுஷன் இப்பத்தான் கண்ணசந்தாரு."

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இது போச்சுன்னா எல்லாம் போச்சு." ஹஸ்னாவின் குரல் அழுகையாக வெளியே வந்தது. வெட்கப்பட அவளுக்கு அவகாசம் இல்லை.

ஜன்னல் மூடியது. அவர் வருகிறாரா, மறுபடி படுத்துவிட்டாரா, எதுவும் தெரியவில்லை. எங்கோ ஒரு வானொலி ஒன்பது மணிச் செய்தியைத் தொடங்கியது. பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் திரை தானாக மூடிக்கொள்ளும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

பூஅஸ்ஸா ஜலாபா அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாவியைத் தேடிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, உன் புருஷன் உன்னைக் கூட்டிட்டுப் போறானோ இல்லியோ, நீ என்னைக் குழிக்குக் கூட்டிட்டுப் போயிடுவே," என்று முனகியபடி கதவைத் தூக்கினார். கணினி ஆற அமர விழித்துக்கொண்டது. ஹஸ்னா தன் எண்ணைத் தட்டினாள், அவசரத்தில் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. மூன்றாவது முறை திரை திறந்தது.

நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா மூடியிருக்கும்," என்றாள் ஆங்கிலத்தில்.

ஒன்பதுதான். ஜவாத் சொன்னபடி வந்திருந்தால்? நோன்பு, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்துப் பெயரைச் சொன்னாள். சரியாகவே சொன்னாள்.

ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறீர்கள், எதில் நேரம் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டாள் அந்த அம்மாள். சுவரில் ஒட்டியிருந்த தாள்கள் கண்ணுக்குள் வந்து உதவின. பிறகு, "நீங்க அதிக நேரம் சேர்ந்து இருக்கிற ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

இதற்குப் பதில் மனப்பாடம். "என் கணவர்," என்றாள் ஹஸ்னா.

"கடைசியா எப்போ சேர்ந்து இருந்தீங்க?"

"ஆகஸ்ட்ல. அவருக்கு ஆகஸ்ட்லதான் லீவு."

"எவ்வளவு நாள்?"

"ஒரு மாசம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின ஆகஸ்ட்."

அந்த அம்மாள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, காத்திருந்தாள். ஹஸ்னா பேசியே ஆக வேண்டும், மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது. "எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம்," என்று தொடங்கினாள். "சேர்ந்து இருந்தது மொத்தமா..." அந்த இடத்தில் கணக்கு தானாக வந்து நின்றது. "ஏழு மாசம்."

தாய்மொழியில் இந்தக் கூட்டலை அவள் ஒருநாளும் போட்டதில்லை. போடத் தைரியம் வந்ததில்லை.

"அப்போ உண்மையில நீங்க அதிக நேரம் சேர்ந்து இருக்கிறது யாரோட?"

"அவரோட அம்மாகூட," என்றாள் ஹஸ்னா. அந்த அம்மாள் தலையசைத்து, நேரம் முடிந்தது என்றாள்.

சாயங்காலம் நோன்பு திறக்கும் பாங்கு முடிந்து, பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போது முடிவு வந்தது. தேர்ச்சி. லல்லா யம்னா பக்கத்து வீடெல்லாம் கேட்கும்படி குலவையிட்டாள். சேதி அனுப்பியதும் ஜவாத் உடனே கூப்பிட்டான். "நான் சொன்னேன்ல, பத்துக்குப் போனாப் போதும்னு," என்று சிரித்தான். ஹஸ்னா திருத்தவில்லை. "மே மாசத்துக்கு டிக்கெட் போடுறேன். இனிமே பயப்பட ஒண்ணுமில்லயே?"

"இல்லீங்க," என்றாள்.

போனை வைத்தபோது வயிற்றில் அதே பொருள் சுருண்டு கிடந்தது, முன்னைவிடக் கனமாக. தோற்றுவிடுவோமோ என்ற பயம் போய்விட்டது. வந்திருப்பது ஜெயித்ததன் பயம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

மாமியார் ஹரீராக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவனுக்குக் கோவம் வந்தா வாரக்கணக்குல வாயத் தொறக்க மாட்டான். அவங்கப்பனும் அப்படித்தான். அது உனக்குத் தெரியுமில்ல?"

ஹஸ்னாவுக்குத் தெரியாது. ஆகஸ்டில் அவன் விருந்தாளி. விருந்தாளிக்கு ஏது கோபம்?

"அப்போ அங்க நான் யாரோட பேசுவேன் லல்லா?"

ஏழு வருஷமாக எதற்கும் பதில் பாக்கி வைக்காத கிழவி, இந்தத் தடவை கிண்ணத்தை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினாள்.